செவ்வாயும் வெள்ளியும் கிளம்பாத ஜீப்பு

6 நவம்பர் 1953, வெள்ளி, ராத்திரி

பட்டாளத்தில் ஓடிய இந்தக் கிழட்டு ஜீப்பு இன்றைக்கும் காலை வாரிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் டாக்டரை மலையடிவாரத்துக் கல்லாறு ஊருக்குக் கொண்டுபோவதுதான் எனக்கு நிலையான ஓட்டம். சரியாக அந்த இரண்டு நாள் காலையிலும்தான் சனியன் கிளம்பாது. மத்தியானம் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால் முதல் மிதியிலேயே சீறும். பாட்டரி மாற்றினேன், வயர் மாற்றினேன், இனி டிரைவரை மாற்றுவதுதான் பாக்கி.

காத்திருந்து பார்த்துவிட்டு டாக்டர் கரமனையில் இருக்கும் என் வீட்டு வாசலுக்கே நடந்து வந்துவிட்டார். "இனி ஒருக்கா இப்படிக் கிடந்தா நான் வேற வண்டி பாப்பேன், கேட்டீரா?"

பானெட்டைத் திறந்தேன். பிளக்குகளுக்குக் கரண்டு பிரித்துவிடும் கறுப்பு மூடியில் ஈரச் சந்தனமும் குங்குமமும். செவ்வாய், வெள்ளி விடியலில் என் மனைவி பகவதி வண்டியைக் கழுவி, பானெட்டுக்குள்ளேயும் பொட்டு வைப்பாள். எத்தனையோ தரம் நானே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட சந்தனம்தான். துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு மிதித்தேன். எழும்பிவிட்டது. கரண்டெல்லாம் அந்த ஈரத்தில் அல்லவா ஒழுகிப்போயிருக்கிறது! மத்தியானம் காய்ந்ததும் சரியாகிவிடும்.

சாயங்காலம் வந்து சொன்னால் அவள் நம்பவில்லை.

"நான் வேண்டிக்கிட்டதாலதான் எளும்பிச்சு. செவ்வாக்கிழமை ரெண்டு மடங்கா வைக்கேன், பாருங்க."

"வேணும்னா என் நெத்தியில வையேன்."

"உங்களுக்கு வெச்சா நீங்களும் கெளம்ப மாட்டியளே!"

சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கமாட்டார். செவ்வாய்க்கிழமை அவளுக்கு முன்னால் எழுந்து வண்டிக்குக் காவல் நிற்கவேண்டும். கல்யாணமான நாள்முதல் அவளுக்கு முன்னால் நான் எழுந்ததே இல்லை.