கொள்கை என்றால் அப்பா வராதது

தோர்ண்டன் ஹீத், இலண்டன்.
செவ்வாய்க்கிழமை

தக்ஷிகாவின் அப்பாவுக்கு,

சிவனேஸ்வரி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் சுகத்தையும் உங்கள் கொள்கையின் சுகத்தையும் அறிய ஆவல்.

போன மாதம் யாரோ ஒரு நண்பரின் தொலைபேசியில் கடைக்கு எடுத்தீர்கள். மகளின் கலியாணத்துக்கு வாறன், திகதியையும் மண்டபத்தையும் சொல்லு, பிள்ளையிட்டையும் சொல்லிவிடு என்றீர்கள். கடையில் ஆட்கள் நிற்கினம், விபரமாகக் கடிதத்தில் போடுறன் என்று சொன்னேன். சொந்தமாகத் தொலைபேசி வைத்திருப்பதில்லை என்பதும் உங்கள் கொள்கைகளில் ஒன்று என்பதால் கிளாஸ்கோவில் தபால்காரனைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். இதோ போடுகிறேன். திகதி, போன ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் குறொய்டனில். கலியாணம் நல்லபடி முடிந்தது.

தபாலில் ஒரு பிழையும் இல்லை. நான்தான் எழுதவில்லை. நீங்கள் வரக் கேட்டதைத் தக்ஷிகாவுக்கும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை யனுஷன் நல்ல பிள்ளை. கவுன்சிலில் வேலை. அதிகம் பேசமாட்டான், அவள் பேசுகிற பேச்சுக்கு அதுவே பெரிய உதவி. சாப்பாடு டூட்டிங்கில் சொல்லி எடுத்தோம். வடை நேரத்தோடு முடிந்துவிட்டது, மற்றபடி குறை இல்லை. மண்டபத்தில் ஒரு சொட்டு மது வைக்கவில்லை. தக்ஷிகாதான் பிடிவாதமாக வேண்டாம் என்றாள். கடைசி நேரத்தில் அப்பா வந்தாலும் வருவார், வந்தால் அவருக்கு நிற்க ஒரு இடம் இருக்கவேணும் என்றாள். மாப்பிள்ளையின் சித்தப்பாமார் காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வாகனத் தரிப்பிடத்திலேயே தங்கள் அலுவலைப் பார்த்தார்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு பிரசங்கம் வைத்திருப்பீர்கள்.

தாரை வார்க்கும் நேரம் வந்ததும் பொம்பிளையின்ர தாய் தகப்பனை வரச் சொல்லுங்கோ என்று ஐயர் கேட்டார். சோடியாகத்தான் வரவேணுமாம், தாய் தனியாக நிற்க ஏலாதாம். என் தமையன் இராஜேந்திரன் அண்ணையும் அவர் மனைவி மச்சாளும் போய் நின்றார்கள். நான் செம்பில் தண்ணீரை நிரப்பி மச்சாளின் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றேன். அவளைப் பெற்றதும் நான், வளர்த்ததும் நான். வார்த்தது மச்சாள். பிள்ளை மணவறையில் இருந்துகொண்டு வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். படமெடுக்கிறவன் இஞ்சால பாருங்கோ, இஞ்சால பாருங்கோ என்று சொல்லிக் களைத்துப்போனான்.

நான் கடை வாங்கியபோது நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. சாராயம் விற்ற காசில் வந்த சோற்றைத் தின்னமாட்டன் என்று பெட்டியைத் தூக்கினீர்கள். உங்கள் அண்ணன் குடித்தே செத்தவர், அவரைத் தோளில் தூக்கி வந்தவர் நீங்கள். அதனால் நீங்கள் நடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பொய்க்காரன் என்று திட்டிவிட்டு நித்திரை கொண்டிருப்பேன். பியர் வைக்காத மூலைக்கடை இந்த ஊரில் ஒரு வருடம் தாங்காது, பிள்ளை வளரும் வரைக்கும் பொறுங்கோ, எங்களுக்காக ஒருக்கால் விடுங்கோ என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். கொள்கையை விட்டால் நான் மனிசனே இல்லை என்றீர்கள். நீங்கள் மனிசனாக இருந்தீர்கள். நான் பியர்ப் பெட்டி தூக்கி முழங்கால் தேய்ந்தேன். வெறிகாரன் கடை வாசலில் சத்தி எடுத்தால் கழுவினேன்.

தக்ஷிகா சின்னவளாக மிச்சம் என்கிற ஊரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போன காலத்தில், கொள்கை என்ற சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதச் சொன்னார் மரியமலர் ரீச்சர். இவள் எழுதினாளாம், என் பிறந்தநாளுக்கு அப்பா வராதது கொள்கை என்று. ரீச்சர் கடைக்கே வந்து சொன்னா. ஒருவர் மனதில் பிடித்துக்கொண்டு அதன்படி நடக்கிறதுதான் கொள்கை என்று வகுப்பில் விளக்கினாவாம். பிள்ளையோ, ஓம் ரீச்சர், அதைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறபடியாத்தான் அவருக்கு என்னைத் தூக்கக் கை இல்லை என்றாளாம். ரீச்சர் சரி போட்டுவிட்டா. வீட்டுக்கு வந்து, உங்களுக்கு என்ன கொள்கை அம்மா என்று என்னையும் கேட்டாள். எனக்குக் கடை திறக்கிற நேரம் என்றேன்.

போன வருடம் நிச்சயம் செய்ததும் உங்களுக்குத் தன் கையால் தமிழில் எழுதினாள். அந்தக் காசில் நடக்கிற கலியாணத்தில் நான் நிற்கமாட்டேன் என்று பதில் போட்டீர்கள். அவள் அழுததை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் உங்களுக்கு மனம் இளகி, வேட்டி சால்வையும் வாங்கிவைத்துவிட்டேன் என்று எனக்குத் தொலைபேசி எடுக்கிறீர்கள். ஓம் என்று நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மண்டப வாசலில் உங்களைக் கண்டதும் அவள் கூறைச்சேலையோடு எழும்பி ஓடிவந்திருப்பாள். சபை முழுக்க அழுதிருக்கும். விட்டுவிட்டுப் போனவர் தெய்வமாகியிருப்பார். கூட நின்றவள் கடைக்காரிதான். நீங்கள் வந்திருந்தால் நானும் உங்கள் பக்கத்தில் நின்று தண்ணீர் வார்த்திருக்கலாம். அதையும் யோசித்தேன். அப்படிக் கிடைக்கிற இடம் எனக்கு வேண்டாம் என்று விட்டேன். அவளுக்கு நான் செய்தது அநியாயம்தான். உங்களுக்குச் செய்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அடுத்த கிழமை கிளாஸ்கோவுக்கு வருகிறாள். அப்பாவிட்ட ஒருக்கால் நேரே கேட்கப்போறன், ஏன் வரேல்லை என்று என்கிறாள். நான் மறித்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

உண்மையை நீங்கள் சொல்லலாம். வரத்தான் கேட்டன், கொம்மாதான் மறைச்சவள் என்று சொன்னால் அவள் நம்புவாள், ஏனென்றால் நீங்கள் பொய் சொல்வதில்லை, அதுவும் கொள்கை. அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டாள். அவள் உங்கள் மகள், அந்தப் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. எனக்கு வேறு ஒருவரும் இல்லை என்பதை நான் எழுதித்தான் நீங்கள் அறியவேண்டும் என்றில்லை.

ஆகவே கேட்கிறேன். கொள்கைக்காகத்தான் வரவில்லை என்று சொல்லுங்கள். அன்றைக்கு எங்களுக்காக விடச் சொன்னதை விடவில்லை. இன்றைக்கு எனக்காக ஒரு பொய். திட்டுவாள், திட்டட்டும். வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். இரண்டு பேரையும் இருத்திச் சாப்பாடு போடுங்கள். தலையில் கை வைத்து ஆசீர்வதியுங்கள். பிறகு அவளை என்னிடம் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
சிவனேஸ்வரி