மாடியில் யாரும் இல்லை

அக்டோபர் 9, வியாழன்

விடிகாலையிலிருந்து தூறல். மாடிப்படிக்கு வெள்ளையடிக்கிற ஆள் இன்றும் வரவில்லை. தீபாவளி ஆர்டர் சேலைகள் கட்டிலில் குவிந்து கிடக்கின்றன. முந்தானைக்குக் குச்சம் கட்ட உட்கார்ந்தால் கை சொன்னபடி கேட்பதில்லை. அரக்குச் சேலைக்குப் பச்சை நூலை வைத்து முடிந்துவிட்டு, பாதி வந்த பிறகு பிரித்தேன்.

மத்தியானம் இவர் கடையிலிருந்து சாப்பிட வந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு.

"புதுசா கட்டின மாடி, குடி வைக்காம காலியா இருந்தா வீட்டு வரியில கழிவு உண்டாம். மனு குடுத்துட்டேன். ஆளு வந்து பாத்துட்டுப் போவாங்க."

"காலியா எங்க இருக்குது? உமா இருக்கிறாளே."

"அவ இன்னா குடித்தனமா பண்றா? கோவிச்சுக்கினு வந்திருக்கா. தீபாவளி முடிஞ்சா போவப் போறா."

ரசம் ஊற்றினேன்.

உமா போன வாரம் வந்தாள். வேலூரிலிருந்து தனியாக, வெறும் கைப்பையோடு. மறுநாளே மாப்பிள்ளை இவருக்கு போன் செய்தார். சின்ன சண்டை மாமா, நாலு நாள் கழித்து அனுப்பி வையுங்கள் என்று. இவளோ என்ன சண்டை என்று வாயே திறக்கவில்லை. போனை அணைத்து வைத்திருக்கிறாள். கீழே இடமிருந்தும் மாடியில்தான் படுப்பேன் என்று பிடிவாதம். பெயிண்ட் வாடை போகாத அறை, ஃபேன்கூட மாட்டவில்லை. ஒரு பாய், தலையணை, பக்கெட். அவ்வளவுதான் அவள் சாமான்.

அக்டோபர் 10, வெள்ளி

நல்ல வெயில். துணி காய்ந்தது. மிளகாய்த்தூள், பாம் ஆயில், விளக்குத் திரி வாங்கணும். அம்மனுக்கு நேர்ந்துகொண்ட தாலி காணிக்கை பாக்கி.

எதிர்வீட்டு பேபி அக்கா கேட்டிலிருந்தே, "இன்னா வசந்தா, பொண்ணு இப்பவே வந்துட்டா? மாப்பிள்ளை வர்ல?"

"வருவாரு கா." யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு வேகமாக வந்தது பொய்.

சாயங்காலம் இவர் குரலைத் தாழ்த்தி, "ஆளு வர்ற அன்னிக்கு அவளக் கீழ வரச் சொல்லிடு. பாய், பக்கெட்டெல்லாம் எடுத்துடு. மாடிக் கதவப் பூட்டி வெச்சா காலி வீடு மாதிரி தெரியும்."

"நீங்களே சொல்லுங்களேன்."

சொல்லவில்லை. மகளிடம் நேராக ஒரு வார்த்தை பேசுவதில்லை. 'அவ சாப்பிட்டாளா' என்று என்னைத்தான் கேட்பார். லோன் போட்டு மாடி எடுத்ததே வாடகை வரும் என்றுதான். இவர் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் மகள் இருக்கிற அறையைக் காலி என்று எப்படிச் சொல்வது?

அக்டோபர் 12, ஞாயிறு

கடை லீவு இல்லை, சீசன். இவர் காலையிலேயே போய்விட்டார். தெருவெல்லாம் வெளியூர்க் கார்கள், சேலை வாங்க வந்த கூட்டம்.

காபி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று படியிலேயே ரெண்டு தடவை நின்றேன். வரி ஆள் வருவது, சாமான் கீழே எடுப்பது, கதவுக்குப் பூட்டுப் போடுவது, எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"வெளிய பூட்டுவீங்களா?" என்றாள்.

"ஆமா. நீதான் கீழ என்கூட இருப்பியே."

தரையில் காய்ந்திருந்த பெயிண்ட் சொட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல்:

"அங்க அவரு வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டிக்கினு போவாரு மா. சாவி அவருகிட்ட மட்டும்தான்."

எனக்கு முதலில் விளங்கவேயில்லை. "உன்ன உள்ள வெச்சா?"

"ம். ஆடியிலருந்து."

"ஏண்டி சொல்லல?"

"போன்ல எப்படி சொல்றது? பக்கத்துலயே நின்னுக்கினு இருப்பாரு. அன்னிக்கு சிலிண்டர் போட வந்தாங்க. காசு எடுக்க உள்ள போனாரு. கதவு தெறந்து இருந்துச்சு. வந்துட்டேன். பஸ் ஏறுற வரைக்கும் திரும்பியே பாக்கல."

ஆடிக்கு நான் எடுத்து அனுப்பிய புடவை பிடிச்சிருக்கா என்று போனில் கேட்டபோது 'ம்' என்றாள். அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

காபி ஆறிப்போனது. ரெண்டு பேரும் குடிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

நாளைக்கு மத்தியானத்துக்குள் வரி ஆட்கள் வருவார்களாம், போன் வந்தது. இனித் தள்ளிப்போட முடியாது. இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். முழுவதும்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஒரே கேள்வி. "ஜன்னல்?"

"கம்பி போட்ட ஜன்னலாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கடைக்கும் போகவில்லை, ஏன் வரவில்லை என்று அங்கிருந்து போன். எங்கே போனீர்கள் என்று வந்ததும் கேட்டேன். "சும்மா, குளத்தங்கரை வரைக்கும்." சட்டை முழுக்க வியர்வை. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். எதை? வரி ஆளையா, மகளையா? கேட்கப் பயம்.

இதற்குள் உமா தானே பாயைச் சுருட்டிக் கீழே கொண்டுவந்துவிட்டாள். பக்கெட்டையும். "விடு மா. அப்பாவுக்கு என்னால செலவு வேணாம்." அறையைப் பெருக்கித் துடைத்தும் விட்டிருக்கிறாள். கோபம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சோற்றைக் குழைய விட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மேகம், புழுக்கம். வந்தது சின்னப் பெண். கையில் ஹெல்மெட், தோளில் பை, டேப். பாதிப் படியில் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்து, "மேஸ்திரி இன்னும் முடிக்கலயா சார்?" என்றாள். மேஸ்திரி கூரம் கிராமத்துக்காரர், நெல் நடவென்று ஊருக்குப் போனவர் திரும்பவில்லை என்று சொன்னார் இவர். பூட்டுப் போடவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது.

உமா சமையலறையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவர்கள் பின்னாலேயே மாடி ஏறினேன்.

அந்தப் பெண் நீளம், அகலம் அளந்தாள். போனில் படம் எடுத்தாள். சுத்தமான வெற்று அறை. "யாரும் குடியில்ல, அப்படித்தானே சார்?"

தலையை ஆட்டினால் போதும். வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. இவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இருக்காங்க" என்றார்.

"யாரு சார்?"

"எம் பொண்ணு."

"சாமானே இல்லையே. தீபாவளிக்கு வந்திருக்காங்களா?"

"இல்லமா. இனிமே இங்கதான். சாமான் நாங்கதான் கீழ எடுத்து வெச்சோம். நீ வர்றன்னு."

அந்தப் பெண் இவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "அப்படின்னா காலி வீட்டுக் கழிவு கிடைக்காதே சார்."

"வேணாம்மா. குடியிருக்காங்கன்னே எழுதிக்கோ."

எழுதினாள். பிறகு மெதுவாக, "சொந்தப் பொண்ணுதானே, சொந்த உபயோகம்னு போட்டுடறேன். வாடகை வீட்டு ரேட்டு வராது. அது கொஞ்சம் குறைச்சல்தான்" என்றாள்.

இவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. படி முனைக்குப் போய்த் தெருவே கேட்கும்படி கூப்பிட்டார். "உமா! மேல வாம்மா!" பேபி அக்கா கேட்டில் நின்று பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும்.

உமா கத்தியும் கையுமாக ஓடிவந்தாள், என்னவோ ஏதோ என்று.

"கட்டில் எங்க போடணும், ஃபேன் எங்க மாட்டணும், சொல்லு. நாளைக்கு ஆளு வரச் சொல்றேன்."

அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த ஜன்னல் பக்கம் பா." கத்தியாலேயே காட்டினாள்.

அந்தப் பெண் குனிந்து டேப்பைச் சுருட்டினாள். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த டேப்.

அக்டோபர் 15, புதன்

விடாத மழை. தாமல் ஏரிப் பக்கம் ராத்திரியே கொட்டித் தீர்த்ததாம். ஃபேன் மாட்டியாகிவிட்டது, லேசாக ஆடுகிறது. கட்டில் பழசுதான், என் தம்பி வீட்டிலிருந்து.

மாப்பிள்ளை போன். இவர்தான் எடுத்தார். "அவ வர மாட்டாபா. பேசணும்னா பெரியவங்கள அழைச்சிக்கினு வாங்க, நானும் பேச வேண்டியது இருக்குது." போனை வைத்தார். தண்ணீர் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். என்ன பேசுவார்கள், இவர் தாங்குவாரா, பேபி அக்கா வாசலிலேயே நிற்பாளா? வாடகை கிடையாது என்றால் லோனுக்கு நான் இன்னும் நாலைந்து சேலை கூடுதலாக எடுக்கணும்.

பதினோரு மணிக்கு உமா தலை வாரி, குடை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் இடம் இருக்கிறதா என்று கேட்டு வரப் போகிறாளாம். தனியாக. எங்கே, யாரோடு, எப்போது வருவாய் என்று வாய்வரை வந்துவிட்டது.

கேட்கவில்லை. வாசலுக்குப் போய்ப் பார்ப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள்.