சாப்பாட்டு மேசையில் சொன்னது

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. போனை எடுக்காமல் கடிதமா என்று நீ முகம் சுளிப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் ஒன்று திட்டுவேன், இல்லாவிட்டால் அழுவேன். இரண்டிலுமே சொல்ல வந்தது கெட்டுப்போகும்.

உன் ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகத்தில் நல்ல பெயர் என்று எங்கள் தலைமை ஆசிரியை சொன்னார். மழலையர் பள்ளி ஆசிரியைகள் பல மொழி பேசும் குடும்பங்களோடு எப்படி ஒட்டி உறவாடுகிறார்கள் என்று ஒரு பருவம் முழுக்க என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தாயே, அதற்குக் கிடைத்த மரியாதை. கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

அந்தப் பெருமையை ஊரும் கேட்கட்டும் என்று, தலைமை ஆசிரியை போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் உன் சுருக்க அறிக்கையை வாசிக்க வைத்துவிட்டார். ஒவ்வொரு மொழிக்காரருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேறு. ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை.

ரொட்டிக்கடை அம்மாவை உனக்கு நினைவிருக்கும். விடியும் முன்னே அடுப்பு வேலை, பிறகு கையில் மாவோடு சில்வண்டை இழுத்துக்கொண்டு வருவாள். வாய் மூடாத அந்தக் குட்டிக்கு அந்தப் பெயரை வைத்தவளே நீதான். ஆரம்பத்தில் பிள்ளையை வாசலில் விட்டதும் ஓடிவிடுவாள். நான்தான் ஷூ அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சில்வண்டின் ஷூ நாடாவை வேண்டுமென்றே மெதுவாக அவிழ்ப்பேன். அதுவரை தாய் நிற்கத்தானே வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது சரிதான். ஒரு நாள் அவளும் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அரைகுறை மொழியில் எங்களுக்குள் ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் ஓடியது.

பள்ளி அனுப்பும் அறிவிப்புகளை ஏன் பார்ப்பதே இல்லை என்று ஒரு காலையில் கேட்டேன். தனக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது, இது தன் ஊர்க்காரர்கள் ஒருவருக்கும் தெரியாது, சொல்லிவிடாதீர்கள் என்றாள். அதன்பின் எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிவிடுவேன்.

இதை உன்னிடம் நான் பேட்டியில் சொல்லவில்லை. வீட்டில், சாப்பிட்ட தட்டுகளைக்கூட எடுக்காமல் மேசையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். உன் கையில் பேனா இல்லை. அம்மா போன பிறகு நாம் இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்து பேசியதே இல்லையே. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் வாய்க்குப் பூட்டு இல்லாமல் போய்விட்டது.

கூட்டத்தில் அது வந்தது. அதிகாலையில் ரொட்டிக்கடையில் வேலை செய்யும், எழுத்தறிவில்லாத ஒரு தாய் என்று. அவர் நம்பிக்கையைப் பெறுவதற்காக ஆசிரியை திட்டமிட்டுக் காலணியைத் தாமதமாகக் கழற்றினார் என்று என்னைப் புகழ்ந்திருந்தாய். பெயர் போடவில்லையே என்று மின்னஞ்சலில் கேட்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயடி. எங்கள் பள்ளியில் ரொட்டிக்கடைக்காரி அவள் ஒருத்திதான். அவள் ஊர்ப் பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் நான் வழக்கம்போல் தரையில் உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருப்பாள் போலிருக்கிறது, ஒரு சொல் தடுக்கவில்லை.

"நீங்க என்கூடப் பேசுறீங்கன்னு நெனச்சேன் டீச்சர். நீங்க வேலை பாத்துட்டு இருந்திருக்கீங்க."

இல்லை என்றேன். அது பாதிப் பொய். நாடாவை மெதுவாக அவிழ்த்தது வேலைதான், அதற்குப் பிறகு நடந்தது வேலை இல்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்ல, எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த சொற்கள் போதவில்லை. மாதக் கடைசியில் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறாளாம். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய பள்ளி. சில்வண்டு இப்போது தானே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போகிறது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இதற்கு நடுவில், இனி எல்லா ஆசிரியைகளும் ஷூவை மெதுவாகத்தான் கழற்ற வேண்டும் என்று தலைமை ஆசிரியை உத்தரவு போட்டிருக்கிறார். காலையில் வாசலில் ஒரே நெரிசல். வேறு சமயமாக இருந்தால் நீயும் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். தாளிலிருந்து எடுக்கலாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பழியை உன் தலையில் மட்டும் கட்ட நான் இதை எழுதவில்லை. அவள் என்னை நம்பிச் சொன்னாள், நான் உன்னை நம்பிச் சொன்னேன். அவள் வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மாதக் கடைசிக்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. அவளிடம் சேர்ந்தே மன்னிப்புக் கேட்போம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதையும் வாங்கிக்கொள்வோம். பிறகு வீட்டில் நாலு நாள் தங்கு. நான் ஏதாவது பேசுவேன், உனக்குத்தான் தெரியுமே என்னை. நான் உன்னிடம் பேசுவது உன்னிடம் மட்டும் பேசுவதாக இருக்கட்டும்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன்
அக்கா