பீரோவில் பூட்டப்பட்ட டென்மார்க்

அனுப்புநர்:
செ. நாமகிரி, பி.ஏ.,
ஆசிரியை, பெண்கள் எழுத்தறிவு வகுப்பு,
வாசகசாலை, திருப்புலி நாடு, கொல்லிமலை.

பெறுநர்:
ஜில்லா கல்வி அதிகாரி அவர்கள்,
சேலம்.

பொருள்: வாசகசாலைத் தலைவர் பெண்கள் வகுப்பை மூடியதும், பாட நோட்டைப் பூட்டி வைத்திருப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பேளுக்குறிச்சி விவசாயி சென்றாயன் மகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நானே, பட்டம் பெற்ற முதல் ஆளும் நானே. நாலு பேர் எதிரில் பேச எனக்குக் கூச்சம். ஆகவே தலைவர், மிட்டாதார் திரு. அர்த்தனாரி அவர்களிடம் நேரில் சொல்லத் துணியாததைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

2. சனிக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு சுமந்து இறங்கும் பெண்கள், ஞாயிறு பகலில் வகுப்புக்கு வருவார்கள். பதினொரு பேர். "அணில், ஆடு" சலித்துப்போய்க் கதை கேட்டார்கள். சென்ற நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட அரசர் ஒருவருடைய ஆசைநாயகியின் வாழ்க்கையைக் கல்லூரியில் படித்திருந்தேன். அதை எளிய தமிழில், பெரிய எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒரு பகுதியாக வாசித்து வந்தேன். அந்த அம்மாள் ஏழைத் தாயின் மகள், நாட்டியமாடியவர், தொப்பிக் கடை வைத்தவர். அரசர் அவரை முதலில் தனி வீட்டில் மறைவாக வைத்திருந்தார்; பின்னர் மணந்தபோது, குலம் தாழ்ந்த மனைவிக்கு அந்நாட்டு வழக்கப்படி இடது கையைத்தான் கொடுத்தார். பிரபுக்களின் மனைவிமார் அவரோடு ஒரே மேசையில் உட்காரச் சம்மதிக்கவில்லை.

3. இடது கை என்றதும் வகுப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. "ஏங்கண்ணு, பீச்சாங்கையிலயா புடிச்சாரு? சோத்துக்கை என்ன ஆச்சு, சுளுக்கா?" என்று கேட்டவர் கண்ணாயி. "புடிச்சா ஊரைக் கூட்டி, நாலு பேரு முன்னால பரிசம் போட்டுச் சொல்லோணும். மறைச்சு வெக்கறதுக்கு அது என்ன திருட்டு ஆடா?" என்றார் அத்தாயி. இம்மலையில் ஒருவர் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும் காரியங்கள் ஊர்க்கூட்டத்தில் பகலில் முடிகிறவை என்பதால், ஒளித்து வைப்பது அவர்களுக்கு விளங்கவில்லை. முன்னறையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த தலைவர் அவர்கள் அப்போது எழுந்து போனார். செருப்பை மறந்துவிட்டார்.

4. மறு ஞாயிறு கதவில் பூட்டும், அவர் கைப்பட எழுதிய அறிவிப்பும் இருந்தன. அதன் வாசகம்: "புளியஞ்சோலை ஓடைக்கரையில் நான் கட்டியுள்ள வீட்டையும், அதிலுள்ள கிராமபோனையும், அங்கு வசிக்கும் பெண்ணையும் டென்மார்க் என்று பெயர் மாற்றி ஆசிரியை இழிவு செய்தபடியால் வகுப்பு மூடப்பட்டது." ஐயா, அந்த வீட்டைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. அந்த அரசர் காலத்தில் கிராமபோன் கண்டுபிடிக்கப்படவும் இல்லை.

5. வகுப்பினால் ஒருவரும் எழுத்தறியவில்லை என்று தலைவர் தங்களுக்குத் தெரிவித்திருப்பதாக அறிகிறேன். அந்த அறிவிப்பை நான் வாசித்துக் காட்டவில்லை. கண்ணாயி எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். கிராமபோனில் மட்டும் இரண்டு முறை இடறினார். பின்னர் ஒவ்வொருவராக வாசித்தார்கள். வீடு போய்ச் சேர்ந்து சொன்னார்கள். இப்போது திருப்புலி நாட்டில் தெரியாதவர் எவருமில்லை. இதைவிட நல்ல பரீட்சையை என்னால் வைத்திருக்க முடியாது.

6. சொல்லத் தயங்குவது ஒன்று உண்டு. இரண்டு மாதமாகப் புளியஞ்சோலையிலிருந்து மலையேறி வந்து, வாசலோரம் உட்காரும் பழனாயி என்பவர்தான் அந்த வீட்டில் வசிப்பவர். பூட்டிய கதவின் முன் பலாமரத்தடியில் கூடியிருந்தோம். அன்றும் வந்தார், அறிவிப்பைத் தாமே வாசித்தார். கண்ணாயி நகர்ந்து, "இங்க உக்காரு சாமி" என்று இடம் விட்டார். உட்கார்ந்ததும் பழனாயி என்னிடம், "ராசா போனதுக்கப்பறம் அந்தம்மாளை அந்த ஊட்டுல இருக்க உட்டாங்களாங்க?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். "வேண்டாங்க டீச்சர். நோட்டுல எழுதியிருக்குதில்லீங்க? நானே படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்" என்று தடுத்துவிட்டார். அவர் இப்போது எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார். கடைசிப் பகுதியைத் தாமாக வாசிக்க இன்னும் மூன்று மாதப் பாடம் வேண்டும். வாசகசாலையில் நான் வைத்திருந்த நோட்டோ, தலைவரின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது.

7. எனவே, வகுப்பைத் திறக்கவும் நோட்டைத் திருப்பித் தரவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். தலைவர் அவர்களின் செருப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், பெற்றுக்கொள்ளலாம். உத்தரவு வரும்வரை அறிவிப்பைக் கதவிலிருந்து எடுக்க வேண்டாமென்றும் கேட்டுக்கொள்கிறேன். எங்களிடம் இப்போது உள்ள வாசிப்புப் பாடம் அது ஒன்றுதான்.

தலைவர் அவர்கள் நல்ல உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழ வேண்டும் என்பது எங்கள் அனைவரின் பிரார்த்தனை. பழனாயி கடைசிப் பக்கத்துக்கு வந்து சேரும் வரையிலாவது.

இடம்: திருப்புலி நாடு
தேதி: 20-3-1939

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
செ. நாமகிரி

(பலாமரத்தடியில் வாசித்துப் பார்த்துத் தாமே கையெழுத்திட்டவர்கள்: கண்ணாயி, அத்தாயி, பழனாயி மற்றும் எட்டுப் பேர். கைநாட்டு இல்லை.)