பத்தாவது இலக்கம்

குருநகர்,
14.05.2024

அன்பு மச்சான் றமேஸுக்கு,

யேசுவின் இரக்கத்தால் நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீயும் அந்தக் குளிருக்குள் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். மாமிக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இடது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டதால் மகனின் முகம் என்று உன் படத்தை இப்போது வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத்தான் பார்க்கிறா. மகள் ஷெரோன் தாயைவிட உயர்ந்துவிட்டாள். வாய் அதைவிட நீளம்.

போன மாதம் நீ போன் எடுத்து, "அத்தான், உங்கை ஓடுற புதுப் படத்தைப் பாத்தனீங்களே? எனக்கு இஞ்சை ரெஸ்ரோறன்ரிலை நிமிர நேரமில்லை. முந்தி மாதிரி ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்று கேட்டாய். வலை காயப்போட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று இங்கே கொட்டு கொட்டென்று மழை. மழைக்குள் எவன் வலை காயப்போடுவான்? எனக்குச் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தக் கடிதம். வியாழக்கிழமை பாரிஸுக்குத் திரும்பும் ஜெயசுதனிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒடியல் மாவும் இறால் கருவாடும் வரும். அது மாமி தந்தது. என்மேல் வரப்போகும் கோபத்தில் அதை எறிந்துவிடாதே.

முதலில் நீ கேட்ட படம். ஷெரோனோடு போய்ப் பார்த்தேன். சண்டைகள் வலு திறம், ஆனால் சண்டை நடக்கும்போது சனம் கச்சான்கடலைதான் தின்னும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது அடி விழுவதற்கு முந்தின நேரத்தில். கதவுக்குப் பின்னால் ஒருவன் கத்தியோடு நிற்பதை எங்களுக்குக் காட்டிவிடுவார்கள். உள்ளே வருகிறவனுக்கு அது தெரியாது. அவன் தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வருவான். அந்த நடையை இழுக்க வேண்டும், இழுக்கக்கூடிய மட்டும் இழுக்க வேண்டும். அவன் நல்லவனாகவும் இருக்க வேண்டும், வீட்டில் அவனுக்காக ஒரு சீவன் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்தால் சாகட்டும் என்று இருந்துவிடுவோம். இதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. தொழிலுக்குப் போகையில் படகில் உங்களுக்குப் படம் சொல்லிச் சொல்லியே பிடிபட்டது.

இந்தப் படத்தில் ஒருவன் கார் ஓட்டுகிறான். பின் சீட்டில் இருக்கிறவன் பகிடிக் கதை சொல்கிறான். ஓட்டுகிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். தெருவுக்குக் குறுக்கே லொறி நிற்பது எங்களுக்கு மட்டும் தெரிகிறது. தியேட்டரே எழும்பி நின்று, "டேய், முன்னுக்குப் பாரடா!" என்று கத்தியது. ஷெரோனும் கத்தினாள். நான் எழுந்து வெளியே ஓடிவந்துவிட்டேன். மிச்சப் படம் எனக்குத் தெரியாது, மச்சான்.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். ஒன்பது வருடமாக நாங்கள் இருவரும் அதைத் தொட்டதில்லை. நண்டு வலை எடுத்துக்கொண்டு திரும்பிய அன்று காலை எட்டு மணி இருக்கும். எஞ்சின் பிடி உன் கையில். கிறிஸ்ரோபர் அண்ணை முன்னால் அணியத்தில். நான் நடுவில், கடலுக்கு முதுகைக் காட்டி உன்னைப் பார்த்துக்கொண்டு, படம் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஏற்றும் பவுசர் வண்டிக்குள் சாட்சிக்காரப் பெட்டையை ஒளித்துக் கொண்டுபோகும் சாரதியின் கதை. சோதனைச் சாவடியில் பவுசர் நிற்கிறது. பெட்டையின் போன் அணைக்கப்படவில்லை என்பது கேட்கிற எங்களுக்குத் தெரியும், சாரதிக்குத் தெரியாது. வில்லன் அவளுடைய இலக்கத்தை ஒவ்வொன்றாக அமத்துகிறான்.

நான் அந்தப் பத்து இலக்கத்தை ஒவ்வொன்றாக இழுத்துச் சொல்லத் தொடங்கினேன். ஆறாவதில் நீ, "அத்தான், கொஞ்சம் பொறுங்கோ, சிறகுவலைத் தடியளைத் தாண்டட்டும்" என்றாய். நான், "இப்ப விட்டால் சூடு ஆறிப்போம், என்னைப் பார்" என்றேன். நீ பார்த்தாய். உன் கண் என் வாயில் ஒட்டிக்கிடந்ததைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அந்தச் சந்தோசத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது. ஒன்பதாவது இலக்கத்தில் படகு, கடலில் நட்டிருந்த அந்தத் தடிகளில் ஏறியது. கிறிஸ்ரோபர் அண்ணை தூக்கி எறியப்பட்டார். தடிக்கும் படகுக்கும் இடையில் நசிந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

நடந்தது விபத்து. அதற்குப் பிறகு நான் செய்தது விபத்து இல்லை. கடற்றொழிலாளர் சங்கத்தில் விசாரித்தபோது நீ வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "மாமிக்குக் காய்ச்சல், பெடியன் ரெண்டு இரவாய் முழிப்பு, கண்ணயர்ந்திட்டான் போலை" என்றேன். படம் சொல்லி ஆளின் காலை எடுத்தவன் என்று பெயர் வரும், இனி ஒருவரும் என்னைப் படகில் ஏற்றமாட்டார்கள் என்று பயந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு வாசலில் நின்ற உன் அக்கா லவீனாவைப் பார்த்தாய். "ஓம், கண்ணயர்ந்திட்டன்" என்றாய். அக்காவின் குடும்பத்துக்காகச் சொன்னாய் என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கியது. விளங்கியும் பேசாமல் இருந்தேன்.

அதோடு உன்னை ஒருவரும் தொழிலுக்குக் கூப்பிடவில்லை. ஊர் உனக்கு நித்திரை றமேஸ் என்று பெயர் வைத்தது. நீ கடல் கடந்து போனாய். நான் சங்கத்துக்குச் செயலாளராக வந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் "பொய் சொன்னேன், சாமி" என்று எல்லாவற்றோடும் சேர்த்து மொத்தமாகச் சொல்லி, அபராதமாகக் கிடைக்கும் மூன்று அருள்நிறைந்த மந்திரத்தோடு வெளியே வந்துவிடுவேன். அப்படி ஒன்பது தபசுகாலம் போய்விட்டது. உனக்கு அங்கே விசா கிடைத்த பிறகும் நீ ஊருக்கு வராமல், மாமியை இந்தியாவுக்குக் கூட்டிவரச் சொல்லிக் கேட்டபோது, அதற்கும் நான்தான் ஆமாம் போட்டேன்.

படம் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து லவீனாவிடம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. இன்றுவரை சோறு போட்டுத் தருகிறாள், கதைப்பதில்லை. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

மறுநாள் மாமியிடம் சொன்னேன். மாமி இவ்வளவு காலமும் தன் காய்ச்சலால்தான் நீ நித்திரையாகிப் போனாய் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறா. அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தால் ஒருவருக்கும் சொல்லாமல் படுத்துக் கிடப்பா. ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தப் பாரத்தை அவவின் தலையில் ஏற்றியவனும் நான்தானே. நான் சொல்லி முடிக்க, "அப்ப என்ரை பிள்ளை நித்திரை கொள்ளேல்லையோ?" என்று கேட்டா. இல்லை மாமி என்றேன். திரும்பவும் அதையே கேட்டா. மூன்றாம் தரம் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி அழவில்லை. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டா.

கிறிஸ்ரோபர் அண்ணையிடம் போகத்தான் கால் கூசியது. வீட்டு வாசலில் சின்னக் கடை வைத்திருக்கிறார். ஊன்றுகோலால் அடிப்பார், அடிக்கட்டும் என்றுதான் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியுமடா. நானும் திரும்பி இருந்துதானே கேட்டனான்" என்றார். முன்னுக்குப் பார்க்க வேண்டிய ஆள் அவர். அவர் முன்னுக்குப் பார்த்திருந்தால் கத்தியிருப்பார். கால் போன ஆளை யாரும் கேள்வி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "அந்தப் பெடியனிலை பழியை ரெண்டுபேருமாய்ச் சேர்ந்து போட்டிட்டம்" என்றார்.

பிறகு, "பத்தாவது இலக்கத்தை அமத்தினவனோ?" என்று கேட்டார். அமத்தினான், பெட்டை தன் போனை முதலே அந்த வில்லனுடைய சட்டைப் பைக்குள் போட்டிருந்தாள், மணி அவனுடைய பைக்குள்தான் அடித்தது என்று சொன்னேன். சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போன ஞாயிறு பூசை முடிய, சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சொன்னேன். செயலாளர் பதவியையும் விட்டுவிட்டேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் என் முகத்துக்கு நேரே காறித் துப்பினார். கிறிஸ்ரோபர் அண்ணையும் ஊன்றுகோலோடு வந்து நின்று தன் பங்கைச் சொன்னார். இனி ஊரில் ஒருவனும் உன்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். கூப்பிட்டால் என்னிடம் வந்து கேள் என்று சொல்ல எனக்கு வாயில்லை, ஆனால் கிறிஸ்ரோபர் அண்ணை சொல்லியிருக்கிறார்.

ஆடி மாதம் யாகப்பர் கோயில் திருவிழா. மாமியின் வலது கண்ணும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அதற்குள் வா, மச்சான். எனக்காக வர வேண்டாம். வந்து என்னை என்ன பேச வேண்டுமோ பேசு, அக்காவையும் பேச விடு. நான் வாய் திறக்க மாட்டேன்.

மன்னிப்பு என்ற சொல்லை நாலுதரம் எழுதிப் பார்த்தேன், நாலுதரமும் வெட்டிவிட்டேன். மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும். நீ வரும் நாளை லவீனாவிடம் சொல்லு. மாமியையும் அவளையும் வாடகை வான் ஒன்றில் ஏற்றிக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அனுப்பி வைக்கிறேன். நானும் அந்த வானில் ஏறலாமா, வேண்டாமா என்பதையும் அவளிடமே ஒரு சொல்லில் சொல்லிவிடு. வேண்டாம் என்றால் வீட்டில் இருந்து உனக்குச் சோறு ஆக்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் புருசன்
டினேஸ்