அரக்கு வைத்து மூடிய வழக்கேடு

அன்புள்ள மகள் தனுஷாவுக்கு,

களுதாவளைப் பிள்ளையார் உன்னை நோய்நொடியில்லாமல் காக்கட்டும். இங்கே நானும் உன் மகள் ஆர்த்திகாவும் சுகம், அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. இதை எழுதுவது நானேதான். நூலகத்து முதியோர் வகுப்பில் எட்டு மாதம் படித்தேன், இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆயிற்று.

அவ்வளவு தூரத்து நாட்டிலிருந்து உன்னால் வர முடியாததால், செவ்வாய்க்கிழமை உன் விவாகரத்து வழக்குக்கு உனக்காக நான் நீதிமன்றம் போனேன், கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டேன். மருமகன் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த சத்தியக்கடதாசியின் பிரதியை நமது சட்டத்தரணி அம்மா தந்ததும், நானே வாசிக்கலாம் என்று எனக்குப் பெரிய சந்தோசம், வராந்தா வாங்கில் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்தேன். எனக்குச் சத்தம் போட்டுத்தான் வாசிக்க வரும் என்பதை மறந்துபோனேன், மகள். ஆர்த்திகா பிறந்தபின் கொழும்பில் உனக்கு மனம் குழம்பியதும் ஆஸ்பத்திரியில் இருந்ததும் எனக்குத் தெரியாதே, அதுதான் அதில் இருந்தது. வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த காத்தான்குடிப் பெண் ஒருத்தி, "ஐயா, மனசுக்குள்ள வாசிங்க, மறுகா ஊரே இதத்தான் கதைக்கும்" என்றாள். கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

நடந்ததைச் சட்டத்தரணி அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். இந்த வழக்கேட்டை மூடிவைக்க வேண்டும் என்று அவர் நீதிபதியிடம் கேட்டார். நீதிபதி உன்னைவிட இளையவர். மருமகனைப் பார்த்து, உங்கட பிள்ளையும் ஒருநாள் வாசிக்கப் பழகும், இத அது வாசிக்கணுமா என்று கேட்டார். மருமகன் தலை குனிந்து, வேண்டாம் என்றார். இனி விசாரணை நீதிபதியின் அறைக்குள்தான், உன் பெயரை வெளியே கூப்பிடமாட்டார்கள், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வெளியாள் எவருக்கும் பிரதி கிடையாது. நீதிமன்றத்தில் எழுத்துவேலை பார்க்கும் இலிகிதர் என் கண்முன்னே வழக்கேட்டை உறையில் இட்டு ஒட்டி, அரக்கு உருக்கி முத்திரை குத்தி, இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அவ்வளவு பெரிய கட்டடமும் பொலிசும் பூட்டும் என் பிள்ளையின் ஒரு துக்கத்துக்குக் காவல் நிற்கின்றன. வாவியில் எத்தனையோ விடியலைப் பார்த்தவன் நான், இப்படி வியந்து பார்த்ததில்லை.

நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். உன் கடிதங்களை அயல்வீட்டு மங்கையற்கரசிதான் வாசித்துக் காட்டுவாள், போனில் பேசினால் வீடே கூடிவிடும், நீ எதைச் சொல்வாய்? இப்போது வாய்க்குள் வாசிக்கப் பழகுகிறேன். ஆர்த்திகா எதிரே இருந்து என் உதட்டைப் பார்க்கிறாள், அசைந்தால் சிரிக்கிறாள். நேற்று மூன்று வரி அசையாமல் வாசித்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். உன் அம்மா இருந்திருந்தால் தரும் ஆசியையும் சேர்த்தே தருகிறேன், நீ நன்றாக இருப்பாய். இனி மறைக்காமல் எல்லாவற்றையும் எழுது, மகள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. நான் மட்டும்தான் வாசிப்பேன்.

இப்படிக்கு, தன் கையாலேயே ஒப்பமிடும் உன் அப்பா,
க. வினாயகமூர்த்தி