பாரிக்கத்து என்று கேட்டாய்

என் அருமை அண்ணி,

நீ போய் ஒன்பது நாளாகிறது. ராஜகுளத்து வீட்டைப் பூட்டி, சாவியை நான்தான் வைத்திருக்கிறேன். உன் வேர்க்கடலைக் கொல்லையில் நேற்றுதான் களையெடுத்தார்கள். செடி நன்றாக இருக்கிறது.

அண்ணன் இன்னொருத்தியைக் காவாந்தண்டலத்து நம் வீட்டுக்குக் கூட்டிவந்த வருஷத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "நீயும் ஒரு மூலையில இருந்துக்கினு போ" என்றார் உன்னிடம். நீ அழவில்லை. "எனுக்குப் பாரிக்கத்து எழுதிக் குடு" என்றாய். புருஷன் பெண்டாட்டி தீர்த்துக்கொள்ள எழுதும் பத்திரத்துக்கு நம் பக்கத்தில் அதுதான் பேர். பஞ்சாயத்தில் சிரித்தார்கள். பாரி என்றால் பெண்டாட்டி, அவள் கத்தினால் பாரிக்கத்து என்று ஒருவர் விளக்கம் வேறு சொன்னார். பத்தொன்பது வயதில் நானும் அதை நம்பினேன்.

உத்திரமேரூருக்கு நானும் உங்களோடு வந்தேன். பத்திரம் எழுதுகிறவர் எழுதி முடித்து, கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டினார். நீ பத்திரத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாய். 'நடத்தை சரியில்லாததால் நீக்கிவிட்டேன்' என்ற இடத்தில் உன் விரல் நின்றது.

"இத்த யாரு சொன்னது?"

"எப்பவும் அப்படித்தாம்மா எழுதறது."

"என்னப் பத்தி எப்ப எழுதிக்கிறீங்க? வேற எழுதுங்க."

அண்ணன் பல்லைக் கடித்தார். தன் வீட்டுப் பத்திரத்துக்காகக் காத்திருந்த ஒரு பாயம்மா என்னிடம் என்னவென்று கேட்டார். கத்துகிற விளக்கத்தோடு சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"அது எங்க பேச்சும்மா. ஃபாரிக்னா விடுபட்டது, இனிமே ஒண்ணுத்துக்கும் கட்டுப்படாதது. கத்துன்னா எழுத்து. கத்துறது இல்ல."

அரபியில் பிறந்து, உருதுக்கு வந்து, சர்க்கார் கச்சேரிக் காகிதங்களோடு நம் ஊருக்கு வந்த சொல் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதில் பெண்டாட்டியும் இல்லை, கூச்சலும் இல்லை.

நீ எழுதுகிறவரிடம் திரும்பினாய். "கேட்டுக்கினீங்களா? அத்தத்தான் எழுதணும். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் விட்டுட்டோம்னு எழுதுங்க."

அண்ணனே போய்ப் புது முத்திரைத்தாள் வாங்கிவந்தார். நீ முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அப்புறம் ராஜகுளம், குத்தகை நிலம், உன் இஷ்டத்துக்கு ஒரு வாழ்க்கை. அதில் ஒருநாளாவது தனியாக இருப்பது கஷ்டமாக இருந்ததா அண்ணி? நான் கேட்டதே இல்லை.

உன் சாவுக்கு அண்ணன் வந்தார். வாசலில் தயங்கி, "நான் இன்னா மொறையில நிக்கறது, தேவகி?" என்றார்.

"ஊர்க்காரனா நில்லுண்ணா."

அப்படியே நின்றார். அழுதார். அதைத் தடுக்க எனக்கு மனசில்லை. வாய்க்கரிசி போட நான் போனபோது பெரியவர் ஒருவர், "நாத்தனார் மொறதான் பத்திரத்தோட முடிஞ்சிபோச்சே" என்றார்.

"அது அவங்க ரெண்டு பேருக்கும் எழுதினது. எனுக்கு யாரும் எழுதல" என்றேன். வழி விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் என் வீட்டில்தான். இனி யாராவது உன்னைத் தள்ளிவைக்கப்பட்டவள் என்று சொன்னால், அங்கேயே நிறுத்தி, விடுபட்டவள் என்ற சரியான சொல்லைச் சொல்வேன். என் பெண்களும் சொல்வார்கள்.

யாரும் தீர்த்துவிட முடியாத உன் நாத்தனார்,
தேவகி